ஒவ்வொரு கடலைக்கும் ஒரு பொட்டலம்

குரு ஒருவர். பெயர் தாமரைச்செல்வி, வயது முப்பத்தொன்று. சீடர் எபனேசருக்கு ஐம்பத்திரண்டு. கணினி வேலையில் இதெல்லாம் நடக்கும்.

எபனேசர் எழுதிய புரோகிராம் ஆற்றின் நீர்மட்டத்தைக் கவனிக்கும். கரையோர மீட்டர்கள் எண்களாக அனுப்பும். அது வரிசையாக எடுத்துக் கூட்டிப் பார்க்கும். மட்டம் மீறினால் சைரன் ஊதும். ஆற்றில் குளிப்பவர்கள் கரையேற வேண்டும்.

ஒத்திகையில் சைரன் பிந்தி ஊதியது. புரோகிராம் நின்று நின்று ஓடியது. காலையில் மறு ஒத்திகை. அதிலும் பிந்தினால் புரோகிராமையும் தூக்கிவிடுவார்கள், எபனேசரையும் தூக்கிவிடுவார்கள்.

அவர் குருவிடம் போனார்.

“வெறும் கூட்டல்தான் மேடம். ஏன் நிக்குது?”

“எண்ணை எப்படி எடுக்கிறீங்க?”

“இட்டரேட்டர் வச்சுத்தான். அடுத்தது இருக்கான்னு கேட்டா ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்கும். பேரு, தேதி, படம், எதுக்கும் அது ஒண்ணே போதும். ஆனா வெறும் எண்ணை வாங்காது. அதனால ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு உறை போட்டு அனுப்புறேன். இந்தப் பக்கம் பிரிச்சுக் கூட்டிக்கிறேன்.”

“பிரிச்ச உறை?”

“அதை சிஸ்டமே அப்பப்ப பெருக்கித் தள்ளிரும் மேடம். நமக்கு வேலை இல்ல.”

குரு மேசைமேல் இருந்த வறுகடலையை அவர் பக்கம் தள்ளினார்.

“எனக்குக் குடுங்க. ஒவ்வொண்ணா. தாள்ல மடிச்சு.”

மடித்தார். குரு பிரித்தார், தின்றார், தாளைக் கீழே போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. தரை வெள்ளையானது.

கூட்டிப் பெருக்கும் சொர்ணம் துடைப்பத்தோடு வந்தாள்.

“பொட்டலம் கட்டி விளையாடுற வயசா சார் இது? காலைத் தூக்குங்க. மேடம், நீங்களும்.”

இருவரும் காலைத் தூக்கினார்கள். எபனேசர் கையில் அடுத்த பொட்டலம்.

“அதையும் கீழ போட்டுராதீங்க. பெருக்கி முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது.”

சுவரோரம் போன் அடித்தது.

“மேடம், போன்.”

“காலை எறக்காதீங்க,” என்றாள் சொர்ணம்.

அடித்து ஓய்ந்தது.

சொர்ணம் அள்ளிக்கொண்டு போனாள். “சிஸ்டம் உறையைப் பெருக்குறப்பதான் நிக்குதா?” என்று எபனேசர் கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். எழுந்து போனார்.

மாலையில் திரும்பி வந்தார். எண்ணுக்கென்றே ஒரு இட்டரேட்டர் எழுதியிருந்தார். உறை கிடையாது. நிற்காமல் ஓடியது. முகம்தான் தெளியவில்லை.

“ஓடுது மேடம். ஆனா எண்ணுக்கு மட்டும்தான் ஆகும். ஒரு பேரைக்கூட இதுல அனுப்ப முடியாது. இவ்வளவு குறுகலா எழுதியிருக்கானேன்னு பாக்குறவங்க சிரிப்பாங்க. போடவா, வேண்டாமா?”

குரு கையை நீட்டினார். எபனேசர் ஒரு கடலையை அப்படியே வைத்தார். குரு வாயில் போட்டுக்கொண்டார்.

“ஆத்துல இருந்து உங்களுக்கு வேற என்ன வருது சார்?”

எபனேசர் அதையே போட்டார். காலையில் சைரன் நேரத்துக்கு ஊதியது.