கித்தேரி இழுத்த மணி

ஒரு ஊர்ல, கடலை ஒட்டின ஊர்ல, கித்தேரின்னு ஒரு கோபக்காரி இருந்தா. ம் சொல்லு மக்கா, அப்பதான் கதை நகரும்.

அவ புருஷன் தொம்மை. ஒருநாள் விடியக்கருக்கல்ல தனியா வள்ளத்தைத் தள்ளிட்டுப் போனவன், திரும்பி வரல. கடல் மேல அப்படி ஒரு பனி. கையை நீட்டினா விரல் தெரியாது. தேடப் போன ஆளுங்களும், கண்ணு தெரியலன்னு பாதியில திரும்பிட்டாங்க.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் வரலன்னா, கோயில் மணியை அடிக்கக் கூடாது. திரிகால ஜெபத்துக்குக்கூட அடிக்க மாட்டாங்க. ஒண்ணு, ஆள் வரணும். இல்லன்னா, செத்தவனுக்கு அடிக்கிற துக்க மணி அடிக்கணும். அதுவரைக்கும் யாரும் மீனுக்குப் போகக் கூடாது.

அப்போ கித்தேரி மணிக்கூண்டுக்குக் கீழ உக்காந்து, மணிக்கயித்தைத் தன் கையில சுத்திக்கிட்டா. யாரும் துக்க மணி அடிச்சிடக் கூடாதுன்னு.

இல்ல மக்கா, அது காத்து. கதவை யாரும் தட்டல. படு.

முதல் நாள் கோயில் உபதேசியார் வந்தார். "ஆண்டவர் சித்தம்னு ஏத்துக்கோ கித்தேரி. ஆத்திரப்படுறது விசுவாசம் இல்லாத குணம்."

"அவர் சித்தத்தை உம்மகிட்டச் சொன்னாராக்கும்? பொண்டாட்டி நான் இங்க இருக்கேன், எங்கிட்டச் சொல்லலியே."

ரெண்டாம் நாள் தொம்மையோட அக்கா வந்தா, மடியில வெள்ளைச் சேலையோட. "என் தம்பி மோட்சத்துல நிம்மதியா இருப்பான். கட்டிக்கோ."

"மைனி, நீங்க பொட்டலம் கட்டிக் குடுத்த கருவாட்டையே அவர் இன்னும் தின்னு முடிச்சிருக்க மாட்டார். அதுக்குள்ள சேலை எடுத்தாச்சா?"

அப்புறம் மூணாம் நாள். ஊர்த்தலைவர் வந்தார். பின்னாலயே பொம்பளைங்க, இடுப்புல பிள்ளைங்க. "மூணு நாளா யார் வீட்டுலயும் உலை வைக்கல. இந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாரு. ஆண்டவர் உனக்கு மட்டுமா?"

கித்தேரி பார்த்தா. பசியில ஒரு பிள்ளை விரலைச் சப்பிக்கிட்டு இருந்துச்சு.

ம்... தூங்கலையே?

அப்போ கயித்தை விட்டுட்டு, விடுவிடுன்னு கோயிலுக்குள்ள போனா. முழந்தாள்கூடப் போடல. "ஆண்டவரே, அன்னைக்குப் புயல்ல நீர் படகுக்குள்ளயே தூங்கினீர். உம்ம ஆளுங்க உலுக்கி எழுப்பினாங்க. ஏண்டா எழுப்பினீங்கன்னு நீர் யாரையும் கடல்ல தள்ளல. இப்ப நான் எழுப்பப் போறேன். எழும்பும்."

வெளிய வந்தா. "மணிதானே அடிக்கணும்? நானே அடிக்கேன்."

துக்க மணி எப்படித் தெரியுமா? டங்... அப்புறம் ஒரு மூச்சு விட்டு, டங்... ஆனா கித்தேரி இழுத்தா பாரு, டங்டங் டங்டங் டங்டங்குன்னு.

"இது திருவிழாவுக்கு அடிக்கிற மணியில்லியா? இவளுக்குப் புத்தி பிசகிட்டு"ன்னா கூட்டத்துல நின்ன மைனி.

கை தோல் உரிஞ்சுது. விடல. டங்டங் டங்டங். தலைவர் கயித்தைப் பிடிக்க வந்தார். அப்போ பனிக்குள்ள இருந்து, "ஓ... ஓய்..."

சளக் சளக்குன்னு துடுப்புச் சத்தம். வள்ளத்தோட மூக்கு தெரிஞ்சுது. அப்புறம் தொம்மை, உதடெல்லாம் வெடிச்சு.

தண்ணி குடிச்சதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மூணு நாளா ஏன் மணி அடிக்கல? நான் கரைக்குப் பக்கத்துலதான் சுத்திக்கிட்டுக் கிடந்தேன். மணி கேட்டா அந்தத் திசையில துடுப்பு போடலாம்னு காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன்."

கித்தேரி, கூட்டத்துல நின்ன உபதேசியாரைப் பார்த்தா. "மணியைக் கட்டிப் போட்டது ஆண்டவர் சித்தமா, உங்க சித்தமா?"

அப்புறம் திரும்பக் கோயிலுக்குள்ள போனா. இப்போ முழந்தாள் போட்டா. "தோத்திரம் ஆண்டவரே. ஆனா மூணு நாள் ரொம்ப அதிகம்."

அன்னையிலிருந்து அந்த ஊர்ல, ஒருத்தன் வரலன்னா, வர்ற வரைக்கும் மணி அடிக்கிறாங்க.

என்ன மக்கா? திட்டினதுக்கு ஆண்டவர் கோவிச்சுக்கலையான்னா கேக்குற? நம்பிக்கை இல்லாதவ அவர்கிட்டப் போய்ச் சண்டை போடுவாளா?

உங்க அப்பா கடல்ல இருந்து எப்ப வருவாருன்னா கேக்குற? அதைத்தான் நானும் ஆண்டவர்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன். விடாம கேக்கேன்.

கதை கரையேறிட்டு. நீ கண்ணை மூடு, நான் முழிச்சிருக்கேன்.