நர்சம்மா அடித்த காற்று

“டயர்ல அடைச்ச காத்து எவ்வளவு நாள் தாங்கும், வாத்தியாரம்மா?”

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது அவருடைய வாத்தியாரம்மா ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு ரப்பர் செருப்புகள் மட்டுந்தான்.

“தூளியை ஆட்டுங்க சார்” என்றன செருப்புகள்.

ஷெட்டின் இரும்பு விட்டத்தில் பழைய சேலையில் கட்டிய தூளி தொங்கியது. உள்ளே ரெஜினாவின் கைக்குழந்தை. பிள்ளை தூங்கும் நேரத்தில் அந்த ஷெட்டில் சுத்தியல் சத்தம் கிடையாது, ஹாரன் கிடையாது. பிரேக் பிடிக்கவில்லை என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள்கூட ரகசியம் பேசுவது போலத்தான் சொல்ல வேண்டும்.

தணிகாசலம் ஆட்டினார்.

“கேட்டதுக்குப் பதில் வரலையே.”

“ஆட்டிட்டேதானே இருக்கீங்க? ஆட்டுங்க.”

இந்த ரெஜினா எட்டாம் வகுப்பில் அவரிடம் டிராயிங் படித்தவள். கூஜாவை வரையச் சொன்னால், மூடிக்கு உள்ளே இருக்கும் திருகை வரைந்து வைத்தாள். கண்ணுக்குத் தெரிவதை வரைடி என்று பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார்.

இப்போது சேத்துப்பட்டு ரோட்டில் அவள் கார் ஷெட் வைத்திருக்கிறாள். ரிட்டயரான டிராயிங் வாத்தியார் அவளிடம் கார் கற்றுக்கொள்ள வருகிறார்.

“கிளச்சை அப்படி வெடுக்குன்னு விடாதீங்க சார். அப்புறம் பெஞ்சு மேல ஏத்திடுவேன்” என்பாள்.

அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை மிதிப்பார்.

*

கார் அவர் மனைவி வேதவல்லியுடையது. வேதவல்லி ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்ட நர்சம்மா. சின்ன வெள்ளைக் கார். பின் சீட்டில் ஐஸ் பெட்டி. எந்தத் தெருவுக்குள் அது நுழைந்தாலும் பிள்ளைகள் ஓடி ஒளியும், தாய்மார்கள் வெளியே வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வேதவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியோடு மல்லுக்கு நிற்பாள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பாள். ஆயில் குச்சியை இழுத்துத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். கடைசியாகக் கால் பம்ப்.

அவள் மிதிப்பாள். பம்பிலேயே இருக்கும் காற்றளவு கேஜைப் பார்த்துச் சொல்வது தணிகாசலத்தின் வேலை.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

“கேஜைப் பாத்துச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டே அவள் திட்டுவது அவருக்குப் பிடிக்கும். அதற்காகவே ஒன்றிரண்டு மிதி கூடுதலாக வாங்குவார்.

ஒரு ஐப்பசியில் வேதவல்லி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அடுத்த ஐப்பசியும் வந்து போனது.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. முதலில் முன் டயர் ஒன்று தரையோடு படுத்தது. பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக. ரெஜினா வந்து நாலுக்கும் காற்று அடித்து, பேட்டரி மாற்றி, ஷெட்டுக்கு ஓட்டி வந்தாள்.

ஆனால் டிக்கியில், அவசரத்துக்கு மாட்டுகிற ஸ்டெப்னி டயர் இருந்தது. அதற்கும் வேதவல்லிதான் கடைசியாகக் காற்று அடித்திருந்தாள். அதை யாரும் தொடவில்லை. தொட விடவில்லை.

*

“சார், நாளன்னிக்குத்தானே பொண்ணைக் கூட்டிட்டு வர செஞ்சிக்குப் போறீங்க? ஸ்டெப்னியை எடுங்க, பாத்துடலாம்” என்றாள் ரெஜினா.

“அது வேணாம்.”

“எது வேணாம்?”

“ஸ்டெப்னில கை வெக்காத.”

“ஏன் சார், உள்ள தங்கக் கட்டியா வெச்சிருக்கீங்க?”

தணிகாசலம் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னியின் வால்வு மேல் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. வேதவல்லியின் மருந்துப் பையில் மிச்சமிருந்த பிளாஸ்திரி. வழியாமல் கசியாமல், காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி ஒழுங்காகச் சுற்றியிருந்தார்.

“இதுக்குள்ள இருக்கறது அவ அடிச்ச காத்துமா.”

ரெஜினா சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

“மத்த நாலும் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். அதான் அன்னிக்குக் கேட்டேன், எவ்வளவு நாள் தாங்கும்னு.”

ரெஜினா டிக்கியைச் சத்தமில்லாமல் மூடினாள். கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஸ்டெப்னி இல்லாம இந்த வண்டியை வெளிய விட மாட்டேன் சார்.”

“இருக்குதேம்மா!”

“அவசரத்துக்கு மாட்டுவீங்களா?”

“மாட்ட மாட்டேன்.”

“அப்ப இல்ல.”

“சாவியைக் குடு.”

“புள்ளை முழிச்சுக்கும். மெதுவாப் பேசுங்க.”

“உன்னை அன்னிக்கு பெஞ்சு மேல நிக்க வெச்சது பத்தாது!” என்று ரகசியக் குரலில் கத்திவிட்டு, தணிகாசலம் நடந்தே வீட்டுக்குப் போனார்.

*

அன்று சாயங்காலம் மகள் தேன்மொழி போன் செய்தாள். அவளுக்கு வளைகாப்பு நாளை மறுநாள். வளையல் அடுக்கிய கையோடு பிறந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

“அப்பா, மாமா ஒரு மாதிரி பேசறாரு.”

“என்னவாம்?”

“அம்மா இல்லாத வீட்ல யாரு பாத்துக்குவாங்கன்றாரு. இங்கயே இருந்துடுன்றாரு.”

“நான் பாத்துக்கறேன்னு சொல்லு. ரசம் வெப்பேன். குழம்பு வெப்பேன். பத்தியத்துக்கு என்னன்னு பக்கத்து வீட்டுல கேட்டு வெச்சிருக்கேன்.”

“சொன்னேன்பா. உங்கப்பாவுக்குக் காரே ஓட்டத் தெரியாது, புள்ளையை எப்படி ஓட்டுவாருன்னு சிரிக்கறாரு.”

சம்பந்தி ரிட்டயரான பஸ் டிரைவர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே சாதி, ஓட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்.

“வாடகை வண்டி எடுத்துட்டு வந்துடறேன்மா.”



“அம்மா வண்டியில வாங்கப்பா” என்றாள் தேன்மொழி. “அம்மாதான் வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். வண்டியாவது வரட்டும்.”

*

மறுநாள் காலையில் தணிகாசலம் ஷெட்டுக்கு வந்தபோது ரெஜினா பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி வாயில், பாதி மூக்கில்.

“வாங்க சார். புள்ளை முழிச்சிருக்கு. இப்பக் கத்தலாம்.”

அவர் கத்தவில்லை.

“ஸ்டெப்னியைக் கழட்டட்டா?”

“நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க.”

எடுத்தார். கனத்தது. மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார்.

“கீழ போடுங்க” என்றாள் ரெஜினா.

“என்னது?”

“போடுங்க சார். டயர்தானே, உடையாது.”

அவர் பார்த்தார். அவள் அடுத்த வாய்க் கூழை ஊதிக்கொண்டிருந்தாள். கையை விட்டார்.

தொப்.

விழுந்த இடத்திலேயே கிடந்தது, ஈரச் சாக்கு மாதிரி.

ரெஜினா காலை நீட்டி, சுவரில் சாய்த்திருந்த வேறொரு டயரைத் தள்ளினாள். அது விழுந்து, எம்பி, உருண்டு, பிள்ளையின் கிண்ணம் வரைக்கும் வந்து நின்றது. பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது.

தணிகாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நகத்தால் பிளாஸ்திரியை உரித்தார். ஒட்டிப்போயிருந்தது, துணுக்கு துணுக்காகத்தான் வந்தது. வால்வின் நடு ஊசியை அழுத்தி, எதிரே உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

ஸ்ஸ்.

ஒரு பெருமூச்சு அளவுக்கு. சில்லென்று கையில் பட்டது. நின்றுவிட்டது.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான் சார்.”

“கட்டித்தானே வெச்சிருந்தேன்.”

“கட்டித்தான் வெச்சிருந்தீங்க.”

குவித்த கையை அவர் கொஞ்ச நேரம் இறக்கவே இல்லை.

ரெஜினா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு டிக்கிக்குப் போனாள். ஸ்டெப்னி இருந்த பள்ளத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. வேதவல்லியின் பழைய நீலச் சேலைத் துண்டு. பிரித்தால் கால் பம்ப்.

அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

“மிதிங்க.”

“எனக்குப் பழக்கமில்லம்மா. நான் கேஜைத்தான் பாப்பேன்.”

“இன்னிக்கு கேஜை நான் பாக்கறேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். முதலில் பம்ப் நழுவியது. பிறகு செருப்பு நழுவியது. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு மிதித்தார். முட்டி வலித்தது. முதுகு வேர்த்தது. இத்தனை வருஷமாக இதையா அவள் ஞாயிறுதோறும் செய்தாள்? நான் வேறு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேனே?

“பாவி” என்றார், தன்னைத்தான்.

டயர் மெல்லப் புடைத்து எழுந்தது.

“இதை அந்தத் தொட்டித் தண்ணியில முக்குங்க” என்றாள் ரெஜினா.

முக்கினார். திருப்பித் திருப்பி முக்கினார். பஞ்சர் இருந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஓட்டையே இல்லையேம்மா!”

“இல்ல.”

“வால்வும் நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கு.”

“அப்புறம் எப்படிப் போச்சு?”

“ரப்பர் வழியாவே கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும் சார். எல்லா டயர்லயும் போகும். அதனாலதான அக்கா வாராவாரம் அடிச்சாங்க?”

தணிகாசலம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி, போனது எங்க போச்சு?”

ரெஜினா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. வர்ற வழியில மாட்ட வேண்டி வந்தா, மாட்டினதும் ஒரு தடவை காத்துப் பாத்துடுங்க.”

“நான் கேட்டது…”

“கிளச்சை மெதுவா விடுங்க சார்.”

*

செஞ்சியில் சம்பந்தி வாசலுக்கே வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார்.

“நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா?”

“நானேதான் சம்பந்தி.”

“ஸ்டெப்னி?”

“இருக்குது.”

“ஸ்டெப்னி எல்லார்கிட்டயும் இருக்கும். காத்து இருக்குதா?”

“இருக்குது” என்றார் தணிகாசலம். “நான் அடிச்சது.”

சம்பந்தி டிக்கியைத் திறந்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். பம்பையும் பார்த்தார். மூடினார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“மருமகளோட பையை எடுத்துட்டு வாங்க. பத்திய மருந்துப் பொட்டலத்தையும் மறக்காம வையுங்க.”

*

வளத்தி தாண்டி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே போகும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது.

ஓரம் கட்டினார். பின் சக்கரத்தில் ஆணி.

தேன்மொழி கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மடியில் சம்பந்தி வீட்டுப் புளிசாதம்.

“அப்பா, உங்களுக்கு மாட்டத் தெரியுமா?”

“தெரியாமத்தான் வந்தேனா?”

ஜாக்கி வைத்தார். போல்ட்டைக் கழற்றினார். ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போனது, அதைத் தேடி எடுத்தார். ஆணி ஏறினதைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, இறக்கினார். வாத்தியாரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. நீலச் சேலைத் துண்டைப் பிரித்துப் பம்பை எடுத்தார்.

துண்டைத் தேன்மொழி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். கிரீஸ் வாசம்தான் அடித்தது. இருந்தாலும் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பம்பை அவள் காலருகே தரையில் வைத்து, குழாயை டயர் வால்வில் மாட்டினார் தணிகாசலம்.

“கேஜ்ல முள்ளு ஓடுதா?”

“ஓடுதுப்பா. முப்பதுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது.”

“முப்பதுல வந்ததும் சொல்லு.”

வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றினார். மிதித்தார்.

மத்தியான வெயில். ரோட்டில் யாரும் இல்லை. பம்ப் மட்டும் புஸ் புஸ் என்றது.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

மிதித்தார். மூச்சு இரைத்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்பா.”

நிமிர்ந்தார். தேன்மொழி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வளையல் குலுங்கச் சிரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

“கேஜைப் பாத்துச் சொல்லு. என் மூஞ்சியப் பாக்காத.”

சொல்லிவிட்டு, தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றார்.