ஆடாத மீட்டரும் நாற்பத்தோரு போசிப் பாலும்

ஒத்தப்பனைமேட்டில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் கிடையாது. பால் சங்கத்தில் மட்டுமே மூன்று பேர் இருந்தார்கள். செயலாளர் நாச்சிமுத்து, பாலைச் சோதிக்கிற பொங்கியண்ணன், பாலை அளந்து ஊற்றுகிற திருமன். மூவரும் சொன்ன சொல் தட்டமாட்டார்கள். சொன்னதற்கு ஒரு பிடி கூடவும் செய்யமாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் பால் சோதிக்கிற மிஷின் எரியவில்லை. அது பேட்டரியில் ஓடுகிற மிஷின். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அது சொன்னால்தான் சீட்டு எழுதலாம். சீட்டு இருந்தால்தான் வண்டிக்காரர் பாலை ஏற்றுவார். அந்த மாதம் இரண்டு தடவை வண்டி வெறுமையாகத் திரும்பியிருந்தது. மூன்றாம் தடவையும் அப்படி ஆனால் இனி ஒத்தப்பனைமேட்டுக்கு வண்டியே கிடையாது என்று பெரிய பால் பண்ணையிலிருந்து நாச்சிமுத்துவுக்குக் கடிதம் வந்திருந்தது.

வண்டி ஏழரைக்கு வரும். வாசலில் நாற்பத்தோரு பேர் போசியில் பாலோடு நின்றார்கள். நான் பதினேழாவது ஆள்.

நாச்சிமுத்து டவுனில் இருக்கும் மெக்கானிக் ரங்கராசுவுக்குப் போன் போட்டார். ரங்கராசு சொன்னார்: "பேட்டரி மேல மீட்டரை வெச்சுப் பாருங்க. பன்னண்டரைக்கு மேல காட்டுனா பேட்டரி நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

பொங்கியண்ணன் சங்கத்து அலமாரியில் கிடந்த வோல்ட் மீட்டரை எடுத்துப் பேட்டரியின் மேல் பூப்போல வைத்தார். மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று.

"ஒண்ணும் காட்டலீங்க" என்றார் நாச்சிமுத்து.

"ரெண்டு ஒயரு இருக்குதல்ல? செவப்பை ஒரு முனையிலயும் கருப்பை இன்னொரு முனையிலயும் தொட வைங்க சாமி!"

தொட வைத்தார்கள். பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது. உடனே பதினொன்று. பிறகு ஒன்பதரை. பிறகு பதிமூன்று. ஒரு நிமிஷத்துக்குள் பதினாலு எண்கள் ஓடின. ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

திருமன் தாடையைத் தடவினார். "இது பேட்டரிக்குக் கூச்சமுங்க. நாப்பத்தியொரு பேரு மொறைச்சுப் பாத்தா எதுதான் நெலையா நிக்கும்?"

"நாயமான பேச்சு" என்றார் நாச்சிமுத்து. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

நாற்பத்தோரு பேரும் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றோம். எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுபடியும் போன்.

"மீட்டருக்குள்ள சின்ன பேட்டரி ஒண்ணு இருக்கும். அது தீந்துபோனாலும் நம்பரு இப்படித்தான் ஓடும். அதைக் கழட்டிப் பாருங்க" என்றார் ரங்கராசு.

கழற்றினார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்தார்கள்.

"பாத்தாச்சுங்க."

"எப்படி இருக்குது?"

"சதுரமா இருக்குதுங்க."

பிறகு ரங்கராசு, "அதை உள்ள போட்டு மூடுங்க. ஒயரு ஆடுனா நம்பரும் ஆடும். அங்க எதுவுமே ஆடக் கூடாது. கெட்டியாப் புடிங்க, நம்பரு நிக்கிற வரைக்கும் விட்டுராதீங்க" என்றார்.

பொங்கியண்ணன் இரண்டு ஒயரையும் கெட்டியாகப் பிடித்தார். திருமன் ஆடுகிறவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார். காற்றாடியை நிறுத்தினார். சுவரில் ஆடிய காலண்டரைக் கழற்றினார். வெளியே வந்து, வரிசையில் நின்ற செல்லாத்தாள் ஓட்டி வந்திருந்த பசு வாலை ஆட்டுவதைப் பார்த்து, வாலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனப்பா திருமா, என்ற மாட்டு வாலு உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள் செல்லாத்தாள்.

"அக்கா, நீங்க வெத்தலை மெல்றதையும் நிறுத்துங்க. தாடை ஆடுது."

"உன்ற மூளை ஆடாம இருக்கறதுக்கு நாங்க எல்லாரும் ஆடாம இருக்கோணுமா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

உள்ளே சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் மட்டும் ஆடியது. நாச்சிமுத்து அதைக் கையால் பிடித்து நிறுத்தினார். அப்போது மணி ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அவசரப்படாதீங்க" என்றார். "ஏழே ஆகலை. வண்டி வர்றதுக்கு இன்னும் நெறைய நேரம் இருக்குது."

பொங்கியண்ணனுக்கு மூக்கு அரித்தது. ஒயரை விடக்கூடாது. நாச்சிமுத்து ஒரு கையால் பெண்டுலத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவருக்கு மூக்கைச் சொறிந்துவிட்டார். பொங்கியண்ணன் தும்மினார். எண் பதினெட்டுக்குப் போய் இறங்கியது.

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"அதெப்படி, ஏழு ஆகறதுக்கு முன்னாடியே வருவான்?" என்றார் நாச்சிமுத்து. பெண்டுலத்தை விட்டுவிட்டு ரங்கராசுவைக் கூப்பிட்டார். "நம்பரு நிக்கவே மாட்டேங்குதுங்க! வண்டி வந்துருச்சு!"

"மீட்டருல ஹோல்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்குனா நின்னுக்கும். என்ன நம்பருன்னு..." என்பதோடு போன் அறுந்துவிட்டது.

அமுக்கினார்கள். பன்னிரண்டு புள்ளி ஆறு. நின்றது. அசையவில்லை.

"கொணமாயிருச்சு!" என்று பொங்கியண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். ஒயர் இரண்டும் பேட்டரியை விட்டு வந்துவிட்டன. அப்போதும் பன்னிரண்டு புள்ளி ஆறு.

திருமன் ஒயரை மேஜையில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு புள்ளி ஆறு. சுவரில் வைத்தார். அதேதான்.

"மேஜையும் நல்லாருக்குது, செவுரும் நல்லாருக்குது" என்றார். "அப்ப பாலை மட்டும் எதுக்குங்க அந்த மிஷின்ல பாக்கோணும்? இதே சொல்லுமே!"

நாச்சிமுத்து யோசித்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு போசியிலும் ஒயரை முக்கினார்கள். நாற்பத்தோரு பாலும் பன்னிரண்டு புள்ளி ஆறு. ஊருக்குள் இப்படி ஒற்றுமை அதற்கு முன் வந்ததில்லை. நாற்பத்தோரு சீட்டு எழுதினார்கள். வண்டிக்காரர் சீட்டுகளை எண்ணிப் பார்த்தாரே தவிர படித்துப் பார்க்கவில்லை. பால் ஏறிவிட்டது. ஊர் பிழைத்தது.

பசும்பாலில் கொழுப்பு நாலு இருக்கும். எருமைப்பால் என்றால் ஏழு. பன்னிரண்டரைக்கு மேலே கறக்கிற மாடு எங்கேயும் கிடையாது. ஆகவே மறுநாள் காலை பால் பண்ணையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சட்டை மடிப்புக் கலையாத ஆள்.

"அந்த மாடுகள் எங்கே?" என்றார்.

"மாடு மட்டும் இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து, கை கட்டிக்கொண்டு. "எங்க ஊருல மேஜையும் அப்படித்தானுங்க."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "யாரை ஏமாற்றுகிறீர்கள்? இந்த ஊருக்கு வண்டியை இன்றோடு நிறுத்துகிறேன்!"

பொங்கியண்ணன் நேற்றிலிருந்து அணைக்காமல் வைத்திருந்த மீட்டரைக் கொண்டுவந்தார். சிவப்பு ஒயரை அதிகாரியின் வலது கையிலும் கருப்பை இடது கையிலும் வைத்தார். திருமன் குனிந்து எண்ணைப் படித்தார்.

"பன்னண்டு புள்ளி ஆறுங்க. ஒரு சொட்டுத் தண்ணி கலக்காத அதிகாரிங்க நீங்க!"

அதிகாரி மீட்டரைப் பார்த்தார். ஜீப்பில் உட்கார்ந்திருந்த டிரைவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதை ஒரு சீட்டில் எழுதி, சங்கத்து முத்திரை வைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார். "ஆபீசில் என் மேல் ஒரு விசாரணை நடக்கிறது, காட்ட வேண்டியிருக்கிறது."