மேலப்பொட்டல்காரர்கள் கோட்டை பார்த்த விதம்

மேலப்பொட்டல்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் குறை சொன்னால் நம்பிவிடாதீர்கள். சொன்ன சொல்லைத் தட்டாத ஜனங்கள். ஒரு தடவை கால்நடை டாக்டர், "மருந்து கொடுத்ததும் மாட்டை நடக்க விடுங்க" என்று சொன்னவர், பிறகு நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். அந்த மாட்டைப் பக்கத்துத் தாலுகாவில் போய்த்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஊர்ப் பால் சங்கத்துக்கு ஒரு பரிசு கிடைத்தது. பாலில் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று சங்கச் சுவரில் எழுதியிருந்தது. அவர்கள் சேர்க்கவில்லை. மாடு குடிக்கிற தண்ணீர் அந்தக் கணக்கில் வருமா என்று மட்டும் சில நாள் சண்டை போட்டார்கள். ஜில்லாவிலேயே கெட்டிப் பால் மேலப்பொட்டல் பால்தான் என்று மேலதிகாரிகள் மகிழ்ந்து, உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போய், கைடு வைத்து, இரண்டு பழைய கோட்டைகளைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஊரே குதித்தது. உலகம்மாள் மட்டும் குதிக்கவில்லை. அவளுடைய செவலைப் பசு அவளைத் தவிர வேறு யாரையும் தன்னைத் தொடவோ மடியில் கை வைக்கவோ விடாது. முன்னொரு தடவை தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போய் உலகம்மாள் மறுநாள்தான் திரும்பினாள். அதற்குள் பால் கட்டி, மடி வீங்கி, செவலை கத்திய கத்தல் மூன்று ஊருக்குக் கேட்டது. ஒரு காம்பு போய்விடும் என்றே டாக்டர் பயந்தார். அதற்குப் பிறகு அவள் ஒரு ராத்திரியும் வெளியில் தங்கியதில்லை.

"நான் வரல அண்ணாச்சி" என்றாள் சங்கத் தலைவர் கொம்பையாவிடம்.

கொம்பையா கனத்த உடம்புக்காரர். யோசித்துத்தான் பேசுவார். பேசிய பிறகு நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கும். "உறுப்பினர் எல்லாரும் வருவாகன்னு சொல்லியிருக்காவ தாயி. நீ வரலன்னா நீ உறுப்பினர் இல்லன்னு ஆயிரும்லா? உறுப்பினர் இல்லாத ஆளுகிட்ட நான் எப்பிடிப் பால் வாங்க?"

வேறு வழியில்லை. புறப்படும் அன்று காலையில் பாலைக் கறந்துவிட்டு உலகம்மாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "விளக்கு வைக்கதுக்குள்ள வந்திருவேன், என் ராசாத்தி" என்றாள். செவலை காதை ஆட்டியது. சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

கைடின் பெயர் தயாளன். கலகலப்பான பையன், கையில் குச்சியில் கட்டிய மஞ்சள் கொடி. பஸ் நகர்ந்ததும் மைக்கைப் பிடித்து, எல்லாக் கூட்டத்திடமும் சொல்வதை மூச்சு விடாமல் சொன்னான்.

"எல்லாரும் கவனிங்க! இந்தக் கொடி எங்க போகுதோ அங்க நீங்க. நான் சொல்ற வரைக்கும் கொடிய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரங்க ஏறினாங்களான்னு பாத்துட்டுத்தான் நீங்க ஏறணும். கோட்டைக்குள்ள இருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாது. எதையும் அங்க விட்டுட்டும் வரக் கூடாது. சரியா?"

"சரி!" என்றது மேலப்பொட்டல்.

பேசி முடித்துத் தயாளன் கொடியை மடியில் வைத்தான். பஸ்ஸில் இருந்த தலைகள் எல்லாம் அவன் மடிக்குத் திரும்பின. அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஒரு வளைவில் டிரைவர் பிரேக் அடிக்க, கொடி உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. தயாளன் திரும்பிப் பார்த்தபோது பஸ்ஸில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தரையில் குப்புறப் படுத்துச் சீட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மண்டைப்பாறைக் கோட்டை. "வலது பக்கம் பாருங்க, ரெண்டு யானை சேர்ந்து நடக்கிற அகலத்துக்குச் சுவர்!" என்றான் தயாளன். யாரும் வலது பக்கம் பார்க்கவில்லை. கொடியைத்தான் பார்த்தார்கள். அகழி வந்தது, கொடியைப் பார்த்தார்கள். அந்தப்புரம் வந்தது, அங்கேயும் கொடியைத்தான் பார்த்தார்கள். மாசானம் என்றொருவர், ஊரில் எல்லா விவாதத்துக்கும் முன்னால் நிற்பவர், எதிலோ இடித்துக்கொண்டு நின்றார்.

"யாருவே அது, வழியில படுத்திருக்கது?" என்று கொடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அது பீரங்கிங்க" என்றான் தயாளன்.

"மன்னிச்சுக்கிடும் பீரங்கி. தெரியாம இடிச்சிட்டேன்."

தயாளனுக்கோ உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. எத்தனையோ கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் நிழலைத் தேடுவார்கள். இப்படிக் கண் கொட்டாமல் தன்னையே பார்க்கிற கூட்டத்தை அவன் கண்டதில்லை. அந்த உற்சாகத்தில், வழக்கமாக விட்டுவிடுகிற சுரங்கப்பாதைக் கதையையும், தளபதிக்குப் பல் பிடுங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லித் தீர்த்தான்.

உலகம்மாளுக்கு ஒரு கதையும் காதில் ஏறவில்லை. "பொழுது எங்கெ நிக்கி?" என்று பக்கத்தில் இருந்த பிச்சம்மாளைக் கேட்டாள்.

"கொடிக்குப் பின்னால எங்கயோ நிக்கும். பாத்தாத்தான தெரியும்?" என்றாள் பிச்சம்மாள், கொடியைப் பார்த்தபடி.

ஒரு வழியாகப் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். படியருகே கொம்பையா நின்றார். அவருக்குப் பக்கத்து சீட்டு மாசானம். அவரும் நின்றார்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"நீ ஏறினத பாத்துட்டுல்லா நான் ஏறணும்."

"நீங்க ஏறினத பாத்துட்டுத்தான நானும் ஏற முடியும்?"

இருவரும் யோசித்தார்கள். பின்னால் ஊர் முழுக்க ஜோடி ஜோடியாக நின்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் ஏறுகிற வழியாயில்லை.

"சும்மா ஏறுங்கய்யா!" என்றார் டிரைவர்.

"அதெப்பிடி? இவன் ஏறாமப் போயிட்டான்னா?" என்றார் கொம்பையா.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுங்க!"

சேர்ந்து ஏறினார்கள். அந்த வாசல் கொம்பையா ஒருவருக்கே போதாது. இரண்டு பேரும் வாசலில் மாட்டிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றபடியே மேற்கொண்டு விவாதித்தார்கள். ஆளுக்கொரு வாசலாக முன்னாலும் பின்னாலும் ஏறலாம் என்றார் மாசானம். அப்படி ஏறினால் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பது என்றார் கொம்பையா. டிரைவர் இரண்டாவது டீயும் குடித்துவிட்டார்.

உலகம்மாளுக்குச் செவலையின் மடி கண்ணுக்குள்ளேயே நின்றது. "மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு, ஒரு கண்ணு கொடியில ஒரு கண்ணு ஆளு மேல வச்சி, தோளப் புடிச்சிக்கிட்டு, பக்கவாட்டுல ஆளுக்கு ஒரு காலா எடுத்து வையுங்க!" என்று கத்தினாள். அப்படியே செய்தார்கள். வயிற்றை எக்கிக்கொண்டு கொம்பையாவும் மாசானமும் நண்டு மாதிரி ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே தோளைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் ஏறியது. தயாளனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அடுத்தது கடலோரம் உப்பங்கரைக் கோட்டை. உள்ளே நடுமுற்றத்தில் ஒரு கிணறு. கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது என்று தயாளன் சொன்னதும், மாசானம் இறைத்து ஒரு சொம்பு குடித்துப் பார்த்து, ஆமாம் கரிக்கவில்லை என்றார். அதில் ஒரு வம்பும் இல்லை. வம்பு வாசலில் வந்தது.

கோட்டை வாசலில் எல்லோரும் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்கள், எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாதல்லவா? கடைசியாக வந்தவர்கள் கழுத்தை மட்டும் கொடிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, தங்கள் காலடித் தடங்களைத் துண்டால் அழித்துக்கொண்டே வந்தார்கள், எதையும் விட்டுவிட்டும் வரக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போதுதான் கொம்பையாவின் குரல் கனத்தது.

"ஏ மாசானம். நீ உள்ள தண்ணி குடிச்சல்லா?"

மாசானத்தின் முகம் வெளுத்தது. வாசற்படியைத் தாண்டப்போன காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஐயா, குடிச்ச தண்ணியெல்லாம் கணக்கே இல்ல, வாங்க" என்றான் தயாளன்.

"நீங்க பெருந்தன்மையில சொல்லுதிய தம்பி. ஆனா சொன்னது சொன்னதுதான?" என்றார் கொம்பையா.

"வேர்வையா விட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று மாசானம் அங்கேயே தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

"நில்லுடே. அந்த வேர்வை ஒன்னோடதா, கோட்டையோடதா? ஒன்னோடதுன்னா விட்டுட்டு வரக் கூடாதே!"

இது பெரிய கேள்வி.

"அதுவுமில்லாம" என்றார் மாசானம் வயிற்றைத் தடவிக்கொண்டு, "காலையில வீட்டுல நீச்சத்தண்ணி குடிச்சிருக்கேன். ரெண்டும் இப்ப கலந்துல்லா போயிருக்கும்?"

கலப்படம் என்ற வார்த்தையே கொம்பையாவுக்கு ஆகாது. கலக்காத பாலுக்குப் பரிசு வாங்கிய சங்கத்தில், ஒரு உறுப்பினருக்கு உள்ளேயே கலப்படம். பாலில் தண்ணீர் இருந்தால் காட்டிக்கொடுக்கும், சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பால்மானியைத் தொட்டுப் பார்த்தார். அது பாலுக்குத்தான், மாசானத்துக்கு அல்ல. வருத்தத்தோடு கையை எடுத்துவிட்டார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. கொடியும் மஞ்சளாக இருந்ததால் உலகம்மாளுக்கு அது உடனே தெரியவில்லை. தெரிந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டாள். "என் செவலை மடி கனத்து நிக்குமே! வாசலையே பாத்துக்கிட்டு நிக்குமே! வாயில்லா ஜீவன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேனே!"

அழுதுகொண்டே பையைத் துழாவினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில் கையில் பட்டது. அழுகை நின்றது.

"அண்ணாச்சி, அவரு குடிச்ச அளவுக்கு நம்ம ஊருத் தண்ணிய அந்தக் கெணத்துல ஊத்திட்டா?"

"அது விட்டுட்டு வந்ததால்லா ஆயிரும்?"

"எடுத்ததும் ஆச்சு, விட்டதும் ஆச்சு. ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போகாதா?"

கொம்பையா கண்ணை மூடி யோசித்தார். கண்ணை மூடினால் அது கொடியை விட்டுக் கண்ணை எடுத்ததாகாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தார்கள். "கழியும்" என்றார் கடைசியில். சொம்பால் அளந்து ஊற்றினார்கள். அதில் ஒரு சொட்டு வெளியே சிந்திவிட்டது. அதைப் பற்றிக் கொம்பையா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உலகம்மாள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் பஸ்ஸை நோக்கித் தள்ளினாள்.

ஊர் எல்லையில் திரும்பும்போதே செவலையின் குரல் கேட்டது. விளக்கு வைத்து வெகு நேரம் ஆகிவிட்டது. உலகம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். "ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க" என்றான் தயாளன். கொடியை விட்டுக் கண்ணை எடுக்கலாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. பாவம், களைப்பு.

பஸ் நகர்ந்தது. மேலப்பொட்டலும் பின்னாலேயே ஓடியது. டிரைவர் மறுபடி நிறுத்தினார்.

"இன்னும் என்னங்க?" என்றான் தயாளன் ஜன்னல் வழியாக.

"கொடி போகுதே!" என்றார் மாசானம் மூச்சு வாங்க.

ஒரு பக்கம் செவலை கதறுகிறது, மறுபக்கம் கொடி போகிறது. உலகம்மாள் பாதி உடம்பை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் கொடியில் வைத்துக்கொண்டு தவித்தாள். மறுபடியும் ஒரு கதறல். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, பாய்ந்து ஏறித் தயாளன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். ஊர் அவளுக்குப் பின்னால் ஓடியது. ஊருக்குப் பின்னால், "கம்பெனிக் கொடிம்மா, கம்பெனிக் கொடி!" என்று தயாளன் ஓடினான்.

தொழுவத்தில் செவலை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. மடி கல்லாக இருந்தது. கறக்க இரண்டு கையும் வேண்டும். உலகம்மாள் யோசிக்கவேயில்லை. கொடியைச் செவலையின் கொம்பில் இறுக்கிக் கட்டினாள். குனிந்து கறக்கத் தொடங்கினாள், தலையை மட்டும் நிமிர்த்திக் கொம்பைப் பார்த்தபடி. பால் நுரைத்துக்கொண்டு செம்பில் இறங்கியது. செவலையின் கத்தல் மெல்ல அடங்கியது. உலகம்மாளின் கண்ணீர் கன்னத்தில் ஓடி அவள் சேலையில் சொட்டியது, அது பாலில் விழாதபடி பார்த்துக்கொண்டாள்.

தயாளன் இரைக்க இரைக்க வந்து கொம்பில் கை வைத்தான். செவலை உலகம்மாளைத் தவிர வேறு யாரையும் தொட விடாது என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னேனே. தலையைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்தது. வந்ததைவிட வேகமாகத் தயாளன் பஸ்ஸுக்குப் போனான். போகிற போக்கிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. ஊரில் ஒரு ஆள் இல்லை. வண்டிக்காரர் தேடிக்கொண்டு போனார். மேய்ச்சல் பொட்டலில், கொம்பில் மஞ்சள் கொடி படபடக்கச் செவலை முன்னால் நடந்தது. மேலப்பொட்டல் முழுவதும் ஜோடி ஜோடியாகப் பின்னால் நடந்தது.

"நேத்து வந்தவர விட இவுக தேவல" என்றார் மாசானம். "தேவையில்லாமப் பேச்சுக் கொடுக்க மாட்டேங்காக."

அப்போது செவலை ஒரு கருவேல மரத்தடியில் நின்று, குனிந்து, வாய் நிறையப் புல்லைக் கடித்து இழுத்தது. கூட்டம் திடுக்கிட்டு நின்றது.

"அண்ணாச்சி!" என்றார் மாசானம். "எதையும் எடுக்கக் கூடாதுல்லா? கைடே எடுக்காகளே!"

கொம்பையா முகம் இறுகிப்போய்க் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். உலகம்மாளுக்கு அவமானமாக இருந்தது. செவலை நிதானமாக மென்று விழுங்கியது. நாலடி நடந்தது. வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

கொம்பையாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளா? கழிஞ்சு போச்சு! கைடுன்னா இப்பிடில்லா இருக்கணும்" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.