பூவலிங்கத்தின் தம்ளர்

இயன்முறை மருத்துவப் பேராசிரியை ஜெயசீலி மேடம் பத்து நாள் விடுப்பு முடிந்து வார்டுக்குள் நுழைந்தபோது, சஃபியா பூவலிங்கத்தின் கையைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து, மடங்கிக் கிடந்த விரல்களை நேராக்கி நீவிக்கொண்டிருந்தாள்.

“கையை விடு,” என்றார் மேடம்.

சஃபியா விட்டாள். இயன்முறை மருத்துவம் மூன்றாம் ஆண்டு மாணவி. உடற்கூறியலைக் கரைத்துக் குடித்தவள். அதை நாலு பேருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

பூவலிங்கம் பனையேறி. மரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. மணிக்கட்டு நிமிரும், விரல்கள் சொன்னபடி கேட்காது. திங்கட்கிழமை வீட்டுக்குப் போகிறார். மனைவி வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாள். தாகம் எடுத்தால் அவரேதான் எடுத்துக் குடிக்க வேண்டும்.

மேடம் எவர்சில்வர் தம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்தார்.

“எடுங்க அண்ணாச்சி.”

அவர் கையைத் தம்ளரோடு ஒட்டி வைத்து மணிக்கட்டை நிமிர்த்தினார். விரல்கள் அரைகுறையாக மடங்கின. தம்ளர் மேசையை விட்டு எழுந்தது, சாய்ந்தது, தரையில் உருண்டது.

சஃபியாவின் செருப்பு நனைந்தது. அவள் நகரவில்லை.

“நான் லீவு போறதுக்கு முன்னாடி நல்லாப் பிடிச்சீங்களே அண்ணாச்சி?” என்றார் மேடம்.

“பிடிச்சேன் டாக்டரம்மா. இந்தப் பிள்ளையக் குத்தம் சொல்லக்கூடாது. காலையிலயும் சாயங்காலமும் வந்து நீவுது. விரலு நல்லா நேராயிட்டு. தம்ளருதான் நிக்க மாட்டேங்கு.”

சஃபியாவுக்குப் பயம் வந்தது.

“விரலை மடக்குற தசைக்கு உசிரே இல்லையே மேடம். அப்புறம் எப்படிப் பிடிச்சார்?”

மேடம் அவளுடைய கையை வாங்கிக்கொண்டார். “தளர விடு. நீயா எதுவும் செய்யாதே.”

மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டார். விரல்கள் விரிந்தன. மேலே நிமிர்த்தினார். விரல்கள் தாமாக மடங்கின. சஃபியா மடக்கவில்லை.

“மணிக்கட்டு நிமிர்ந்தா தசைநாண் விரலை இழுக்குது,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “அது கொஞ்சம் இறுகியிருந்தாதான் அவருக்குப் பிடிப்பு. நான் அதைப் போய் நீவி நீவித் தளர்த்திட்டேன்...”

பூவலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மடங்கின விரலை நிமிர்த்தணும்னுதானே மேடம் படிச்சோம்?”

மேடம் பூவலிங்கத்தின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

“திங்கட்கிழமைக்குள்ள திரும்பி வருமா? நான் என்ன செய்யணும் மேடம், சொல்லுங்க.”

மேடம் குனிந்து தம்ளரை எடுத்தார். கழுவி, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கட்டிலருகே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காரு. அந்த விரலை இனி நீவாதே, தானா இறுகட்டும். உன் கை ரெண்டையும் மடியில வச்சுக்கோ. அவர் கையைப் பாரு.”