பொம்மக்காளின் வெள்ளைத் துணி

பட்டத்துக் குதிரை தும்மினால் நாட்டுக்கே ஜலதோஷம் பிடிக்கும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கூழையாற்றுச் சீமையை வீரசொக்கன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் யார் கடைசியாகப் பேசினாலும் அதை அப்படியே நம்பிவிடுவார்.

ஒருநாள் பட்டத்துக் குதிரைக்கு அரிப்பு வந்தது. அடேயப்பா, சாதாரண அரிப்பா அது! தூணில் தேய்த்தது. சுவரில் தேய்த்தது. கடைசியில் கொலுமண்டபத்துக்குள்ளேயே வந்து மந்திரியின் முதுகில் தேய்த்தது. பிடரி மயிர் கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது.

அரண்மனை வைத்தியர் சகலரோகச் சிங்கம் வந்தார். அந்தப் பட்டத்தை அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டார் என்று கேள்வி. மிருகத்தைத் தொட்டால் கௌரவம் போய்விடும் என்று பத்தடி தள்ளி நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் தூக்குவார். அன்றும் தூக்கினார். "செய்வினை! குதிரைக்காரன் நல்லாண்டி வைத்த செய்வினை!" என்றார்.

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் நல்லாண்டி ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும், திரும்பவே கூடாது என்று ராஜா உத்தரவு போட்டுவிட்டார்.

நல்லாண்டியின் பெண்சாதி பொம்மக்காள் மேய்ச்சல் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சேதி அவள் காதுக்கு எட்டியது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவன் குறட்டை கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு மூச்சு அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு பேன் சீப்பையும் ஒரு வெள்ளைத் துணியையும் இடுப்பில் செருகிக்கொண்டு அரண்மனைக்கு ஓட்டமாய் ஓடினாள்.

"ராசா, எங்க வீட்டுக்காரருக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்லவே வராது. அவரு செய்வினை வைப்பாரா? குதிரையை ஒரு தடவை நான் பார்க்கணும்."

"பார்க்க என்ன இருக்கிறது?" என்று சிரித்தார் வைத்தியர். "பசுவும் சொறிகிறது, வேட்டை நாயும் சொறிகிறது. மூன்றும் ஒரே செய்வினை!"

"அப்ப மூணையும் பார்த்துடறேன்."

துணியை விரித்துக் குதிரையின் பிடரியைச் சீவினாள். சாம்பல் நிறத்தில் ஏதோ விழுந்து, மெல்ல ஊர்ந்து, ஒரு மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"பேன். இது மேல என்ன போடுறீங்க, ராசா?"

"எங்கள் பாட்டனார் போரில் பிடித்த கம்பளம். எல்லாக் குதிரைக்கும் அது ஒன்றுதான். துவைத்தால் வெற்றி கரைந்துபோகும் என்று அறுபது வருஷமாய்த் தண்ணீரே காட்டவில்லை" என்றார் ராஜா பெருமையாக.

பொம்மக்காள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நல்லவேளை, மூடிக்கொண்டாள். கம்பளத்தைத் துணிமேல் ஓர் உதறு உதறினாள். பேன்கள் ஊர்வலம் கிளம்பின.

அடுத்தது பசு. காது மடலுக்குள் ஆமணக்கு விதை மாதிரி ஒன்று தோலைக் கவ்விக்கொண்டு கிடந்தது. "இது உண்ணி. இதுக்கு எட்டுக் கால், பேனுக்கு ஆறுதான்" என்றாள். மந்திரி குனிந்து விரல் விட்டு எண்ணினார். எட்டேதான்.

அப்புறம் நாய். சீவியதும் கறுப்புப் பொடி உதிர்ந்தது. "வெறும் அழுக்கு!" என்றார் வைத்தியர். அவள் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். பொடி சிவப்பாய்க் கரைந்தது.

"நாயோட ரத்தம். குடிச்சுட்டுப் போட்ட எச்சம் இது. தெள்ளுப்பூச்சி இருக்கு, தள்ளி நில்லுங்க!"

யார் தள்ளி நின்றார்கள்! ஒரு தெள்ளு மந்திரிமேல் குதித்தது. மந்திரியிடமிருந்து சேனாதிபதிமேல் குதித்தது. சேனாதிபதியிடமிருந்து நேரே ராஜாவின் தாடிக்குள் குதித்தது. ராஜா சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்று ஆடினார். சபையே சொறிந்துகொண்டது. கடிபடாதவர்கள்தான் அதிகம் சொறிந்தார்கள்.

"மோசம், மகாராஜா!" என்று கத்தினார் வைத்தியர். "எல்லாம் இவளே மடியில் கட்டிக்கொண்டு வந்தவை! பொய்க்காரி இவள்!" உடனே ஒரு வெள்ளாட்டை இழுத்துவரச் சொன்னார். அதன் முகமெல்லாம் மயிர் கொட்டி, தோல் பொருக்குத் தட்டியிருந்தது. "எங்கே, இதற்கு என்ன என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் இவள் புருஷன் போகட்டும்!"

கடைசியாகப் பேசியவர் அவர்தானே? ராஜா தலையாட்டிவிட்டார்.

பொம்மக்காள் சீவினாள், ஒன்றும் விழவில்லை. காதைத் தடவினாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. தண்ணீர் தெளித்தாள்; எதுவும் சிவக்கவில்லை. சூரியன் மேற்குச் சுவரைத் தொட்டுவிட்டது. வாசலில் நல்லாண்டி மூட்டையோடு நின்றான். பேன் என்றோ உண்ணி என்றோ வாய்க்கு வந்ததைச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லிவிடலாமா என்று அவள் நாக்கு துடித்தது. துடிக்காமல் இருக்குமா, பாவம்!

"ராசா," என்றாள். "தோலுக்குள்ள ஏதோ இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல. மத்த ஆட்டுக்குத் தொத்தாம இதைத் தனியாக் கட்டுங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தோற்றாள்!" என்று குதித்தார் வைத்தியர்.

ராஜா இந்த முறை தலையாட்டவில்லை; தாடியைச் சொறிந்தபடி அவரைப் பார்த்தார். "வைத்தியரே, நீர் என்றைக்காவது 'தெரியாது' என்று சொன்னதுண்டா?"

"முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை, மகாராஜா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் சகலரோகச் சிங்கம்.

"இவள் புருஷனையே இழக்கப்போகிறாள். அப்போதும் தெரியாததைத் தெரியாது என்கிறாள். அப்படியென்றால் தெரியும் என்று இவள் சொன்ன மூன்றும் நிஜம்" என்றார் ராஜா. "நல்லாண்டி, மூட்டையைப் பிரி! கம்பளத்தைக் கொதிக்கிற அண்டாவில் போடுங்கள்! வைத்தியரே, இன்றிலிருந்து நாய்க்குச் சீவுவது உம்முடைய வேலை. தொட்டுச் சீவும்!"

பொம்மக்காள் வாசலுக்கு ஓடினாள். அழுதாள், சிரித்தாள், புருஷன் தோளில் ரெண்டு போடும் போட்டாள்.

ஆகவே கேட்டவர்களே, பார்க்காமல் எல்லாம் தெரியும் என்பவரை விட, பார்த்துவிட்டுத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரே நம்பத் தகுந்தவர்.