காபி குடித்த சருகு

திருச்சியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு இலைகள் வந்து சேர்ந்தன. நான்கும் ஒரே மரத்துப் பிள்ளைகள். பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பாதாம் மரம்தான் அவற்றின் தாய்வீடு. ஒன்று கொழுந்து, ஒன்று பச்சை, ஒன்று சிவக்கப் பழுத்தது, இன்னொன்று சருகு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா?

கொண்டுவந்தவள் மங்கையர்க்கரசி. அந்தப் பள்ளியின் ஓவிய டீச்சர். மறுநாள் கணக்கு டீச்சர் அமலோற்பவம் ஓய்வு பெறுகிறார். மங்கை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் மதியச் சாப்பாடு அந்த மரத்தடியில்தான். அதனால் அந்த இலைகளையே வாட்டர்கலரில் வரைந்து கொடுப்பது என்று மங்கை முடிவு செய்திருந்தாள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக இலைகள். பார்ப்பதற்குக் கோலம் போல இருக்கும். மண்டலா என்பார்கள்.

முதலில் கவராயம் காலை ஊன்றி வட்டங்களைப் போட்டது. அது அமலோற்பவத்திடம் என்றைக்கோ இரவல் வாங்கியது. இன்னும் திருப்பிக் கொடுத்தபாடில்லை. கணக்கு டீச்சர் கையில் வளர்ந்ததால் அதற்குக் கறார் கொஞ்சம் அதிகம்.

"நடுவில் கொழுந்து. அடுத்தது பச்சை. அதற்கடுத்துப் பழுத்த இலை. வெளி வட்டம் சருகுக்கு. யாரும் இடம் மாறக் கூடாது" என்றது கவராயம்.

"சருகுக்கா?" என்று பச்சை இலை சிரித்தது. "ஓய்வு பெறுகிறவருக்குப் போய்ச் சருகை வரைந்து கொடுப்பார்களா? சொல்லிக் காட்டுவது மாதிரி ஆகிவிடாதா?"

"என்னோடு முடித்துக்கொள்ளலாமே. சிவப்பாக, லட்சணமாக இருக்கும்" என்றது பழுத்த இலை.

கொழுந்து வாயே திறக்கவில்லை. நடுவில் இடம் கிடைத்தவர்களுக்கு எதற்கு வம்பு?

சருகு மெல்லச் சலசலத்தது. "நடுவில் எனக்கு இடம் வேண்டாம். ஓரத்தில் இருந்தால் போதும். நானும் அதே மரத்தில் இருந்தவன்தானே."

அதற்குப் பயமாகத்தான் இருந்தது. படத்தில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது குப்பைக்கூடைதான் என்று அதற்குத் தெரியும்.

வேலை தொடங்கியது. வாட்டர்கலரில் அவசரம் ஆகாது. ஈரத்துக்குப் பக்கத்தில் ஈரம் வைத்தால் இரண்டு நிறமும் ஓடிப்போய்க் கலந்துவிடும். ஆகவே மங்கை ஓர் இலை விட்டு ஓர் இலையாகத் தீட்டிவிட்டு, காயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கணவர் தில்லைநாயகம் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

"பால் திரிஞ்சுபோச்சு மங்கை. கடுங்காப்பிதான்."

மங்கை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, தூரிகை கழுவும் தண்ணீருக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். காபிக்கு மனசு விட்டுப்போயிற்று. "பாலும் இல்லை, மதிப்பும் இல்லை" என்று முனகிக்கொண்டே ஆறத் தொடங்கியது.

கொழுந்தும் பச்சையும் பழுத்ததும் ஒவ்வொன்றாகப் படத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. இனி வெளி வட்டம். மங்கை வண்ணப் பெட்டியைப் பார்த்தாள். பழுப்பு இருந்த குழியில் வெறும் தகரம் பளபளத்தது.

சிவப்பையும் பச்சையையும் கலந்தால் பழுப்பு வருமே என்று கலந்து பார்த்தாள். நீயா நானா என்று இரண்டும் மல்லுக்கு நின்றதில் சாக்கடை நிறம்தான் வந்தது.

"கடையும் இன்னைக்கு லீவு. சரி, வெளி வட்டத்த அழிச்சிட வேண்டியதுதான்" என்று அவள் ரப்பரைத் தேடினாள்.

"நான் சொன்னேன் அல்லவா?" என்றது பச்சை.

சருகு மின்விசிறிக் காற்றில் மேசையின் விளிம்புவரை போய் நின்றுகொண்டிருந்தது.

அழிப்பதற்கு முன் தூரிகையைக் கழுவிவிடலாம் என்று மங்கை கையை நீட்டினாள். கண் படத்தின் மேல். கை டம்ளரில். தூரிகை அலறியது. "அம்மா, இது தண்ணீர் இல்லை." அது அலறினால் யார் காதில் விழும்? வெளியே எடுக்கும்போது ஒரு சொட்டு, சரியாக அந்த வெளி வட்டத்தில் விழுந்தது.

தில்லைநாயகம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "காபியில பிரஷ்ஷ விட்டுட்டியே."

மங்கை படம் கெட்டது என்றே நினைத்தாள். காலையிலிருந்து பட்ட பாடு எல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. ஆனால் அந்தச் சொட்டு காயக் காய நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் கருத்துக் கோடு கட்டியது. அவள் மேசை விளிம்பில் நின்ற சருகை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதன் ஓரமும் அப்படியேதான் இருந்தது.

"ஏங்க, டிகாஷன் மிச்சம் இருக்கா?"

"குடிக்கவா?"

"இல்ல, பூசறதுக்கு."

காபிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். அது டம்ளரிலிருந்து சருகை எட்டிப் பார்த்துச் சொன்னது, "என்னையும் ஒரு வாயோடு ஒதுக்கி வைத்தவர்கள்தான். வா, சேர்ந்தே போவோம்."

வெளி வட்டம் முழுக்கச் சருகுகள் வந்து அமர்ந்தன. மெலிதாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே இன்னொன்று. வீடே காபிக்கடையாக மணத்தது.

மறுநாள் விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் மங்கை படத்தை மரத்தடிக்கு எடுத்துப் போனாள். கவராயத்தையும் இன்றாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பையில் போட்டிருந்தாள். அமலோற்பவம் படத்தை வாங்கி, முதலில் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு மூக்கருகே.

"என்ன மங்கை, காபி வாசம் வருது?"

"அது வந்து, டீச்சர்... பிரவுன் தீர்ந்துபோச்சு."

அமலோற்பவம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. "என் டம்ளர்ல எத்தன தடவ பிரஷ்ஷ விட்டிருக்க நீ. இன்னும் அந்தப் பழக்கம் போகலியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "சரி, இதுல நான் எது?"

படத்துக்குள் பச்சை இலை மூச்சைப் பிடித்துக்கொண்டது. மங்கைக்கு வியர்த்துவிட்டது. இப்படிக் கேட்டால் சருகைக் காட்ட முடியுமா என்று நேற்றுத் தோன்றவே இல்லையே. தயங்கித் தயங்கி நடுவில் இருந்த கொழுந்தின் மேல் விரலை வைத்தாள்.

"கணக்கு டீச்சர்கிட்ட வட்டத்தப் பத்திப் பொய் சொல்லாத" என்றார் அமலோற்பவம். அவளுடைய விரலைப் பிடித்து, வெளி வட்டத்துச் சருகுகளின் மேல் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்தார். "இதுதான் நான். இருக்கறதுலயே பெரிய வட்டம் எது, சொல்லு?"

மங்கை சந்தோஷத்தில் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சருகுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தில் ஏறிவிட்டதால் சலசலக்கவும் முடியவில்லை.

"அப்புறம் என் கவராயம் எங்க? குடு. வீட்ல சும்மா உக்காந்திருக்க எனக்கு ஆகாது. நானும் வட்டம் போட்டு வரையப் போறேன். நீ வந்து கலர் சொல்லிக் குடு. காபி நான் போட்டுத் தரேன், ரெண்டு டம்ளர்ல."

மங்கை பையிலிருந்து கவராயத்தை எடுத்து நீட்டினாள். கை மாறும்போது அது படத்துக்குள் எட்டிப் பார்த்து, பச்சை இலையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது.

"பொறாமைப்படாதே, உனக்கும் அந்தப் பெரிய வட்டம் வரும்."